வருகை பதினேழு

தை பதினெட்டு, மாலை நாலரை.
கோணக்குளத்து மடைமேடு, பறக்கைக்குக் கிழக்கே.
வருகை பதினேழு, கையெழுத்து பதினாறு.
பூதலிங்கம் பேனாவைத் தொடமாட்டார்,
கோபம் போன வருசத்தது.

நான்தான் எழுத்தர்.
ரேஷன் கடையில் எடை போட்ட கை,
கணக்குத் தப்பாது என்று சொல்லித்தான் போட்டார்கள்,
சொல்லும்போது சிலர் சிரித்தார்கள்.

பொருள் ஒன்று: மடையில் எத்தனை திருப்பு.

"கும்பப்பூ பொதியா நிக்கு,
பத்துத் திருப்பு வேணும், அஞ்சு நாளைக்கு"
என்கிறார் மேல்பத்துத் தாணுலிங்கம்.
காலையில் பார்த்தேன்,
அவர் வயலில் வெள்ளம் தவளைக்குக் கழுத்தளவு.

மீன் குத்தகை நேசையன் எழுந்து நிற்கிறார்:
"முழங்காலுக்குக் கீழ போனா
கட்லா வெந்து மிதக்கும்வே.
வட்டிக்கு வாங்கி விட்ட குஞ்சு."

தாமரையிலை பறிக்கும் கோலம்மாளுக்கு
கூடினால் இலை எட்டாது, குறைந்தால் சேறு இழுக்கும்.
"எனக்கு இடுப்பளவு போதும்.
என் இடுப்பு. நேசையன் இடுப்பு இல்ல."
இதை நான் எழுதவில்லை.

நாலுவழிச் சாலையைப் பற்றி யாரும் பேசவில்லை.
குளத்தின் தென்மூலையைத் தூர்த்து
தூண் ஊன்றி மேலே போகிறது அது.
அதன் நிழலில்தான் உட்கார்ந்திருந்தோம்.

ஐந்தேகாலுக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள்
மணக்குடி ரெஜீனாள்.
சபையில் உறுப்பினர் இல்லை.
சர்வே எண் இல்லை, தீர்வை ரசீது இல்லை.
கையில் பெயிண்ட் வாளி.
விரித்திருந்த செய்தித்தாளில் கவிழ்த்தாள்:
சிப்பிகள்.
பெரும்பாலும் வாய் பிளந்தவை.

"பொழியில வாரினது.
ஒங்க மறுகால் வெள்ளம் வந்து எத்தன நாளாச்சி?
உப்பு முத்திப் போச்சி.
மார்கழியில ஒருக்கா வந்திச்சி,
களைக்கொல்லி மணத்தோட."

"மிச்சம் இருந்தாத்தானம்மா விடமுடியும்"
என்றார் தாணுலிங்கம், மெதுவாகத்தான்.

"மிச்சமா?"
என்று கேட்டுவிட்டு
அவள் ஒவ்வொரு சிப்பியாகத் திரும்ப எண்ணிப் போட்டாள் வாளியில்.
வாளியில் விழும் சத்தம்.
மேலே லாரிகள்.

கோலம்மாள் ஒன்றை எடுத்து முகர்ந்தாள்.
"இந்த மணம் எனக்கும் தெரியும்" என்று
சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கிக் காட்டினாள்.
தோல் மீன் செதிள்போல் உரிந்து கிடந்தது.
இலைக்காரிக்கு அரிப்பு வராமல் இருக்குமா என்றுதான்
இதுவரை எல்லோரும் நினைத்திருந்தோம்.

பிறகு, வரப்பில் தள்ளி உட்கார்ந்திருந்த பூதலிங்கம்,
யாரையும் பார்க்காமல்:
"நான்தான் அடிச்சேன்.
களை பறிக்க ஆள் கிடைக்கல்ல.
டப்பாவில போட்டிருந்ததுக்கு இரட்டிப்பா அடிச்சேன்."

நாரைகள் ஏதோ தீர்மானித்து எழுந்து
சுசீந்திரம் பக்கம் போயின.

எழுதியது:
மடை ஆறு திருப்பு, நாலு நாள்.
மறுகால் பலகை ஒன்று, இரண்டு ராத்திரி தூக்குவது.
மீன் போகாமலிருக்க நேசையன் வலை கட்டுவது,
வலைக்கூலி மேல்பத்து கொடுப்பது
(தாணுலிங்கம் "பாதி" என்றார். பாதி.)
களைக்கொல்லி: பேச்சு முடியவில்லை. அடுத்த கூட்டம்.

பெயர், ஊர், ஏக்கர் என்று மூன்று கட்டம்.
ரெஜீனாள், மணக்குடி,
மூன்றாவதில் கோடு போடப் போனேன்.
அவள் என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிப்பி முப்பத்தொன்று, என்று எழுதினேன்,
செத்தது இருபத்தாறு.
எடை போட்ட கை அல்லவா.

இருட்டிவிட்டது. யாரோ செல்போன் வெளிச்சம் அடித்தார்கள்.
பூதலிங்கம் பேனாவை வாங்கி
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து
மை வருகிறது என்று சொல்லி
திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

மேலே போய்
பதினேழை அடித்துத் திருத்தினேன்:
வருகை பதினெட்டு.
கையெழுத்து பதினேழு.