இணைப்பில் இருங்கள்

என் குரலைப் பற்றிக் கேட்கத்தான் எடுத்தேன்.
தமிழுக்கு இரண்டை அழுத்தினேன்.
"இணைப்பில் இருங்கள்" என்றது ஒரு பெண்குரல்.
உடனே நான் பாடத் தொடங்கினேன்,
என் காதுக்குள்ளேயே.

அதே பாட்டு.
தொண்ணூற்றெட்டு, தெமட்டகொடை,
டயர்க் கடைக்கு மேல்மாடி.
ரயில் வரும்போதெல்லாம் பதிவை நிறுத்துவார்கள்.
வயலினை மடியில் கிடத்திவிட்டு
துவான் ராசிக் பற்றவைக்காத சிகரெட்டை முகர்ந்துகொண்டிருப்பார்.
சுமணபால தபேலாவுக்குப் பவுடர் போடுவார்.
நான், இருபத்துமூன்று வயது,
கொட்டாஞ்சேனை பஸ்ஸிலேயே
வரிகளைப் பாடமாக்கிக்கொண்டு வந்தவள்.

இரண்டாயிரம் ரூபாய்.
முத்திரை ஒட்டி, அதன்மேல் கையெழுத்து.
ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம்,
அதில் ஒரு வரிதான் வாசித்தேன்:
இப்போது உள்ளதும்
இனிமேல் கண்டுபிடிக்கப்படப்போவதுமான
எல்லா வடிவங்களிலும்.
சிரிப்பு வந்தது.
இனி என்ன வரப்போகிறது,
கசெற் போனால் சீடி, அவ்வளவுதானே.

சீடி வந்தது. போனது.
பிறகு நூற்றைம்பத்தைந்தாம் நம்பர் பஸ்ஸில் ஒலித்தேன்,
வெள்ளவத்தைக் கல்யாண மண்டபங்களில்,
ஒரு பால்மா விளம்பரத்தில் பாதியோடு வெட்டுப்பட்டு,
யாரோ முன்பின் தெரியாதவரின் போனில்
மாதம் முப்பது ரூபாய் அழைப்பு மெட்டாக.
போன கிழமை மகள் காட்டினாள்:
நாற்பது இலட்சம் தரம் கேட்டிருக்கிறார்கள்.
பாடியவர் என்ற இடத்தில்
'குழுவினர்'.

குழுவினராகிய நான்
இணைப்பில் இருக்கிறேன்.
காலையில் ரீலோட் போட்ட நூறு ரூபாய்
பல்லவியில் கொஞ்சம், சரணத்தில் கொஞ்சம்
கரைகிறது.

"சொல்லுங்க மிஸ்."
மெற்றில்டா, என்றேன். எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.
விஷயத்தையும் சொன்னேன்.
"நீங்கதான் பாடினதுக்கு ஆதாரம் ஏதும் இருக்கா?"

பிள்ளை, என்னைத் திரும்ப இணைப்பில் போடுங்கோ.
போட்டுவிட்டு நீங்களும் கேளுங்கோ.
இரண்டாம் சரணம், 'கரை' என்ற சொல்லுக்கு முன்னால்
ஒரு மூச்சு.
எஞ்சினியர் வெட்ட மறந்தது.
அதற்கும் அடியில், மருதானைப் பக்கம்,
ஒரு ரயில்.
அது வந்து சேருமுன் முடித்துவிட
நான் எடுத்த மூச்சு அது.
பாட்டைக் கொடுத்துவிட்டேன், சரி.
அந்த மூச்சு எந்தத் தாளில் எழுதியிருக்கிறது?

அவள் பதில் சொல்லத் தொடங்கினாள் என்றுதான் நினைக்கிறேன்.
மீதி முடிந்துவிட்டது.

ராசிக் இப்போது இல்லை.
அவருடைய வவுச்சர் மட்டும்
கொம்பனித்தெருவில், மின்சார பில்களோடு, மனைவியிடம்.
சுமணபாலவுக்கு எடுத்தேன், மகளின் போனில்.
நீண்ட நேரம் பேசாமல் இருந்தார்.
பிறகு, "யமு நங்கி."
கடிதத்தைச் சிங்களத்தில் அவர் எழுதுகிறார்,
தமிழில் நான்.
நன்கொடை என்ற சொல் இரண்டிலும் வராது.

திங்கட்கிழமை மூன்று பேரும் நேரில் போகிறோம்.
அங்கே ஏழாம் மாடியாம்.
லிஃப்டிலும் பாட்டுப் போடுவார்களாம்.