இரண்டு குவியல்கள்

ஜனவரி.
பனிக்கு மேலே சோளத்தட்டையின் நுனிகள் மட்டும்.
அயோவாவில் வேறெதுவும் விளையாத மாதத்தில்
ஃப்ளோரிடாவிலிருந்து லாரி வந்தது.
விரல் விறைக்க விறைக்க
ஸ்ட்ராபெரிப் பெட்டிகளை இறக்கினோம்.

முதலாளி வாண்டர்ஹூஃப் இரண்டு குவியல் போடச் சொன்னார்.
இடப்பக்கம் எப்போதும் வருவது.
வலப்பக்கம் கதிர் பட்டது.
வலத்துக்கு ஒரு பலகை:
வட்டத்துக்குள் இரண்டு இலை, மேலே ஒரு புள்ளி,
நாற்றுக்கடை விளம்பரம் போல நல்ல பச்சை.
கீழே ஒரே வரி, ‘கதிர்வீச்சால் பதப்படுத்தியது.’
சட்டம் கேட்டது அந்த ஒரு வரியைத்தான்.
அதை வாசிக்கத்தான் ஊரே
வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தது.

கணக்கெடுப்பது என் வேலை.
ரசீதுச் சுருளின் பின்பக்கத்தில்
இடத்துக்கு ஒரு கோடு, வலத்துக்கு ஒரு கோடு,
ஐந்தாவதைக் குறுக்கே.

பள்ளிப் பேருந்து ஓட்டும் டுவெய்ன் கேட்டார்:
“விளக்கை அணைத்தால் மின்னுமா?”
ஒரு பெட்டியோடு அவரைச் சரக்கறைக்குக் கூட்டிப்போய்
கதவைச் சாத்தினேன்.
இருட்டு. ஈர அட்டையின் வாசனை.
இரண்டு பேரும் சும்மா நின்றோம்.
“ஒன்றுமே இல்லையே” என்றார்,
சர்க்கஸ் வராத ஊர்ப் பையனின் குரலில்.
இடப்பக்கம் ஒரு கோடு.

ஓல்ஸ்டட் அம்மாள் பலகையை வாசித்துவிட்டு
கழற்றிய கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.
அவர் கணவர் பட்டாளக்காரர்.
நெவாடா மணலில் பள்ளம் வெட்டிக் குப்புறப் படுத்தவர்.
மூடிய இமைக்குள் தன் விரலெலும்புகளைப் பார்த்தவர்.
ஐம்பத்தொரு வயதில் ரத்தம் கெட்டுப் போனவர்.
“எனக்கு எதையும் விளக்காதே, பெண்ணே.”
விளக்கவில்லை.
கம்பெனி தந்த அட்டையில் பதில்கள் இருந்தன.
கதிர் ஊடுருவிப் போகும், தங்காது,
பகலெல்லாம் ஜன்னலில் விழுந்த வெயில்
ராத்திரி அறையில் மிஞ்சாததைப் போல.
வைட்டமின் கொஞ்சம் குறையும்; அதையும் ஒளிக்கவில்லை.
எல்லாம் என் மேலங்கிப் பையில்
மடித்தது மடித்தபடி கிடந்தன.

நாலாம் நாள்
இடப்பக்கத்துப் பெட்டிகளின் மூலையில்
சாம்பல் நிறத்தில் பூனைமயிர் முளைத்தது.
வலப்பக்கம் சிவப்பாகவே இருந்தது,
கொஞ்சம் வெட்கமில்லாமல்கூட.
கூட்டம் மெல்ல இடம் மாறியது.
யாரும் மனம் மாறினதாகச் சொல்லவில்லை.
“இது ஜாமுக்குத்தான்” என்றார்கள்,
“விருந்தாளிக்குத்தான்” என்றார்கள்.
வாண்டர்ஹூஃப் எல்லார் முன்னாலும் ஒன்றைக் கடித்து
இனிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.
உண்மையில் ஜனவரி ஸ்ட்ராபெரி
எந்தப் பக்கத்தில் எடுத்தாலும் தண்ணீர்தான்.

கடை சாத்தும் நேரத்தில் ரோண்டா டீக் வந்தாள்.
அவளுக்கு எல்லாரும் வழிவிடுவோம்.
போன கோடையில் ஊர்ச் சந்தை,
நடுவில் சிவப்பு மாறாத ஒரு ஹாம்பர்கர்,
நாலு வயது, சிறுநீரகம், பதினோரு நாள்.
ரொட்டியும் பாலும் எடுத்தாள்.
பழங்களைப் பார்க்கவே இல்லை.
பலகையை மட்டும் பார்த்தாள், இரண்டு தடவை வாசித்தாள்,
உதடு அசைந்தது.

“மாட்டிறைச்சி இருக்கிறதா, இதே மாதிரி?”

“இல்லை. இன்னும் அனுமதி வரவில்லை.”

“எப்போது வரும்?”

அட்டையில் அதற்குப் பதில் இல்லை.
சில்லறையை எண்ணாமல் பைக்குள் போட்டாள்.
கதவு திறந்தது, குளிர் உள்ளே வந்தது,
கதவு சாத்திக்கொண்டது.

வாண்டர்ஹூஃப் தாளை வாங்கி விரலால் எண்ணினார்.
வலப்பக்கத் தொகைக்குச் சீட்டியடித்தார்.
பிறகு ஓரத்தில், எந்தக் குவியலிலும் சேராமல்
தனியாக நின்ற ஒன்றைக் காட்டி
“இது என்ன கோடு?” என்றார்.

பென்சில் சறுக்கிவிட்டது என்றேன்.