மூன்றாம் முனுசாமி

டிரினிடாடிலிருந்து நான் கொண்டுவந்தது
ஒரு கான்கிரீட் கட்டி.
ஆறு அங்குலம், எட்டு கிலோ சொச்சம்.
இருபத்தெட்டாம் நாள் மெஷினில் நசுக்குவோம்.
இது எப்படியோ தப்பியது.

சுங்க அதிகாரி தட்டினார், முகர்ந்தார்.
உள்ளே என்ன?
ஜல்லி, மணல், சிமெண்ட், சார்.
அது வெளியே. உள்ளே என்ன?

பதினோரு வருடம்.
ஒரு படகுத்துறை, ஒரு பாலம்,
புயல் தூக்கிப்போன பிறகு
திரும்பவும் அதே பாலம்.

கம்பி கட்டும் மூன்சாமிக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது.
பெயருக்கு அர்த்தம் கேட்டான்.
அர்த்தமெல்லாம் தெரியாது,
காசிமேட்டில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் என்றேன்.
ஒருவர் ஐஸ் ஃபேக்டரி,
ஒருவர் ஹார்பரில் கிரேன்,
மூன்றாமவர் எனக்குக் காசு தரவேண்டும்.
வெகுநேரம் சிரித்தான்.
எவனோ ஒருத்தன் என் சொந்தக்காரனாக இருப்பான், வைத்துக்கொள் என்று
இருபது டாலரைச் சட்டைப்பையில் திணித்தான்.

ஒவ்வொரு தாருக்கும் சாலை ஏற
வீடு இப்போது ஒரு முழம் பள்ளத்தில்.
தேசராணி அக்கா ஃப்ரிட்ஜின் மூன்று காலுக்கு
இரண்டிரண்டு செங்கல் வைத்திருந்தாள்.
நாலாவதுக்குக் கட்டியைக் கேட்டாள்.
கச்சிதமாக உட்கார்ந்தது.
"இதுக்கா அவ்ளோ தூரம் போன?"

ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்.
குமிழி நடுவில் நிற்கவில்லை.
தரையே கடல்பக்கம் சாய்ந்திருக்கிறது.

வாசலில் மூன்றாம் முனுசாமி,
சங்கரா மீன் பையோடு,
"ஃப்ரிட்ஜில கொஞ்சம் வெச்சுக்கட்டா?" என்கிறார்
என் முகம் பாராமல்.
கடன் அடைந்துவிட்டதை
இன்னும் சொல்லவில்லை.