பகுதிச் சேதம்

கோவையிலிருந்து வரும் பேப்பர் கட்டு
கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி ஐந்தேகால்.
மேகம் இறங்கியிருந்தால் ஆறு.
சணலை அறுத்து ஏழாம் பக்கம் தேடினேன்.
விறைத்த விரலுக்குத் தாள் பிரியவில்லை.

பதினோரு வரி எழுதி அனுப்பியிருந்தேன்.
வந்தது நாலு.

ஹள்ளத்துச் சதுப்பில் ராத்திரி ராத்திரியாக
மண் கொட்டியது ஒரு மஞ்சள் ஜேசிபி,
நம்பர் முடிவு 4417.
ரிசார்ட்டுக்குத் தரை சமமானது.
ஐப்பசி மழையில் அந்த மண்
யாரையும் கேட்காமல் கீழே இறங்கி
ரோட்டையும் மாதியம்மாவின் அடுக்களையையும் மூடியது.
மறுநாள் ரோட்டைச் சுத்தம் செய்ய
அவசர டெண்டரில் வந்ததும்
4417தான்.
கொட்டக் கூலி, அள்ளக் கூலி.

டெஸ்க்கிலிருந்து அமலதாஸ் கூப்பிட்டார்.
"நம்பர் பிளேட்டெல்லாம் எதுக்குங்க?
தீபாவளி மலருக்கு முழுப்பக்கம் தந்தவர் யாரு, ஞாபகம் இருக்கா?"
இருந்தது. அந்த விளம்பரத்தை வாங்கி வந்தவனே நான்.
நூற்றுக்குப் பதினைந்து எனக்கு;
மகளின் ஹாஸ்டல் பாக்கி அதில்தான் தீர்ந்தது.
கவர் வாங்காத நிருபர் என்று
இந்த மலையில் எனக்கொரு பேர் உண்டு.
கவர் இல்லை.
ரசீது உண்டு.

சேர்மன் ரப்பர் பூட்ஸில் வந்தார்.
அவருக்குக் குடை பிடிக்க ஒருவர்,
குடை பிடித்தவருக்குக் குடை பிடிக்க ஒருவர்.
சேற்றில் நின்று மலையைக் கைகாட்டினார்.
பின்னால் ஜேசிபி நின்றது.
யாரும் சொல்லவில்லை, சத்தியமாக யாரும் சொல்லவில்லை,
நான்தான் சொன்னேன்:
"சார், கொஞ்சம் இடது பக்கம்."

இயற்கைச் சீற்றம். ஒரு வீடு பகுதிச் சேதம்.
சேர்மன் நேரில் ஆய்வு.
படம் மட்டும் மூன்று காலம்.

பகுதி என்றால் சில ஆயிரம்.
முழுசு என்றால் புது வீடு.
அடுக்களை போன வீட்டில் மிச்சம் என்ன என்று
வி.ஏ.ஓ.வை நான் கேட்கவில்லை.
என் அடையாள அட்டையிலும் அந்த வார்த்தைதான்,
லேமினேஷனுக்குள் ஈரம் ஏறிக்கிடக்கிறது:
பகுதி நேர நிருபர்.

பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து
மாதியம்மா பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.
"எம் பேரு எங்க?"
"ஒரு வீடுன்னு போட்டிருக்கே, அது நீங்கதான்."
சரி என்றார்.
அந்த 'ஒரு'வை விரலால் தொட்டார்.

இடது பக்கம் நகரச் சொல்வதற்கு முன்
எடுத்த படம் ஒன்று போனில் இருக்கிறது.
சேர்மன் தோளுக்குப் பின்னால் மஞ்சள்,
44 வரை தெரிகிறது,
மீதி குடைக்கு அடியில்.
அழிக்கவில்லை. அனுப்பவும் இல்லை.
இன்றைக்குக் கேரட் விலை பற்றிப்
பத்து வரி கேட்டிருக்கிறார்கள்.