முந்நூறு சொற்களில் ஓர் அறிமுகம்

முந்நூறு சொல் போதும், என்றார் முதல்வர்.
கையேட்டின் மூன்றாம் பக்கம் காலியாக இருக்கிறது.
வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

எழுதினேன்:
கிளீவ்லாந்து நகரின் நடுவே,
ஏரியிலிருந்து ஏழு தெரு தள்ளி,
புனித ஈவோ சட்டக் கல்லூரி.
தனியார் நிறுவனம். கத்தோலிக்க மரபு.
பகலில் படிப்போர் இருநூற்றுப் பத்து,
மாலையில் தொண்ணூற்றாறு.

இதுவரை பொய் இல்லை.
ஆனால் ஏழு தெரு என்பது கோடைக் கணக்கு.
ஜனவரியில் ஏரியே எழுந்து வந்து
கதவைத் தள்ளும்.
காவலர் மோஸ் பெட்டிஃபோர்டு
உப்பு வாளியோடு படியிறங்குவார்,
தீர்த்தம் தெளிக்கிற கையசைவோடு.

கட்டடம் பழைய ஜவுளிக்கடை.
மாதிரி நீதிமன்றம் இருக்குமிடத்தில்
பெண்களுக்குத் தொப்பி விற்றார்களாம்.
நீதிபதி மேடைக்குப் பின்னால்
ஆளுயரக் கண்ணாடி இன்னும் இருக்கிறது,
கழற்றச் செலவாகும் என்று விட்டுவிட்டார்கள்.
வாதாடுகிற பிள்ளைகள்
பாதி வாக்கியத்தில் தலைமுடியைச் சரிசெய்கிறார்கள்.
துணி போட்டுப் பார்க்கும் அறை
இப்போது பாவசங்கீர்த்தன அறை.
கொக்கிகள் அப்படியே இருக்கின்றன.

சிற்றாலயம் இரண்டாம் மாடியில்,
நகல் எடுக்கும் அறைக்குப் பக்கத்தில்.
பன்னிரண்டு பத்துக்குத் திருப்பலி. ஏழெட்டுப் பேர்.
தேர்வு வாரத்தில் நிற்க இடமிருக்காது.
யூதர் இருவர், நாத்திகர் நால்வர் என்று
அருட்தந்தை க்வியாட்கோவ்ஸ்கி
எண்ணி வைத்திருக்கிறார்.

கட்டணம் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில்.
அந்த எண்ணை உரக்க வாசித்தால்
சுவரோவியத்துத் தேவதூதர்களும்
கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.

தரைத்தளத்தில் இலவசச் சட்ட உதவி மையம்
என்று எழுதி,
பேனாவை வைத்துவிட்டேன்.

போன பிப்ரவரி.
லுட்மிலா ஷெப்டாக் உள்ளே வந்தாள்,
கையில் ஒரு ஜன்னல் சட்டம்.
கண்ணாடி இல்லை. பனியில் உளுத்த மரம்.
இரண்டு பேருந்து மாறி
மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.
இதைச் சரிசெய்யும்வரை வாடகை இல்லை என்றாளாம்;
வீட்டுக்காரர் வெளியேறச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்.
"ஆதாரம் கேட்பீர்கள் அல்லவா?" என்றாள்.

மாலை வகுப்பு யெசேனியா கொலோன்,
பகலெல்லாம் பல் மருத்துவரிடம் கணக்கு எழுதுகிறவள்,
எழுந்து நின்று
இரண்டு கையாலும் சட்டத்தை வாங்கினாள்.
அதுவரை அவள் படித்த சட்டத்துக்கு
எடை இருந்ததில்லை.

மூன்று முறை வாய்தா.
எதிர்த்தரப்பு வக்கீல் நம் பழைய மாணவர்;
வாசலில் நன்கொடையாளர் பலகையில்
பித்தளையில் இருக்கிறார்,
மேலிருந்து நான்காவது.
யெசேனியாவின் குரல் ஒருமுறை உடைந்தது.
அங்கே எதிரே கண்ணாடி இல்லை.

தீர்ப்பு வந்தது, பாதியாக.
இரண்டு மாத வாடகை தள்ளுபடி.
ஏப்ரலில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.
லுட்மிலா யெசேனியாவுக்கு
ஒரு பாட்டில் ஊறுகாய் வெள்ளரி தந்தாள்;
சட்டத்தைத் திரும்பக் கேட்கவில்லை.
அது மையத்தில், கோட் மாட்டும் மூலையில்
சாய்ந்து கிடக்கிறது.
ஆணி துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில்
யாரோ டேப் சுற்றியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன்.
முதல்வர் பச்சைப் பேனாவை எடுத்தார்.
ஜன்னலை அடித்தார். ஊறுகாயை அடித்தார்.
பித்தளை வரியில் சற்று நின்று
அதையும் அடித்தார்.
கொக்கிகளுக்குச் சிரித்தார், அடித்தார்.
'நகரின் நடுவே' மட்டும் மிக நன்றாக வந்திருக்கிறதாம்.

இன்னும் இருநூற்றெழுபது சொல் வேண்டும், என்றார்.

நூலக நேரத்தை எழுதினேன்:
இரவு பதினொரு மணி வரை.
தேர்வுக் காலத்தில் ஒன்று வரை.
அதன்பின் மோஸ் விளக்குகளை
வரிசை வரிசையாக அணைத்துக்கொண்டு வருவார்,
யெசேனியா இருக்கும் வரிசைக்குச்
சுற்றி வந்து, மெதுவாக.