மூணாவது ஷோ

எர்ணாவூர் மைதானத்துப் பொருட்காட்சியில்
ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளக் கடைக்கும் நடுவே
தகரக் கொட்டகைக்குள்
சனிக்கிரகம்.

அதன் சக்கரவர்த்தி நான்.
பைக் ஹெல்மெட்டில் ஒட்டிய மிக்ஸி மூடிகள் என் கண்கள்.
கண்டெய்னர் லாரியின் கிழிந்த தார்ப்பாய் என் அங்கி.
மார்க்கவசம் தெர்மாகோல்,
மேலே பிரியாணிப் பொட்டலத்து வெள்ளித்தாள்.
வியர்த்தால் இன்னும் லவங்கம் மணக்கும்.

உள்ளே இருப்பது பொம்பளை என்று
டிக்கெட் வாங்கும் ஒருத்தருக்கும் தெரியாது.
குரல் என்னுடையது இல்லை.
யாரோ, கோடம்பாக்கத்தில்,
ஏசி அறையில் பேசித் தந்தது:
"மண்டியிடுங்கள் பூமிப் புழுக்களே!"
அதற்கு நான் கையை உயர்த்த வேண்டும்.
முந்திவிட்டால் முதலாளி விசிலடிப்பார்.

முன்வரிசைப் பிள்ளைகள்
அம்மாக்களின் முந்தானைக்குள் புதையும் அந்த நொடி,
பொய் சொல்வானேன்,
எனக்குப் பிடித்திருந்தது.
அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளிய ஆறு வருஷத்தில்
ஒரு பூனைகூட என்னைப் பார்த்து ஒதுங்கியதில்லை.

வீரன் ஞானசீலன்.
அவனுக்கு அறுநூறு, எனக்கு நானூறு.
நீலமாய் எரியும் டியூப்லைட் வாள் அவனுக்கு.
ஏழாவது வெட்டில் நான் சாக வேண்டும்.
முதல் ஆறும் பாவனை என்றுதான் பேச்சு.
அவனோ முழங்கையைத் தேடித் தேடி அடிப்பான்.
"சும்மா தொட்டா எவன் நம்புவான் அக்கா?"
ஒரு நாளைக்கு மூன்று சாவு,
ஞாயிறென்றால் ஐந்து.
ராத்திரி தேங்காயெண்ணெய் தடவும்போது
அண்டவெளி என் கையில்
பச்சையும் ஊதாவுமாய்க் கன்றிக் கிடக்கும்.

அந்தச் சனிக்கிழமை மூணாவது ஷோவில்
நாலாவது வெட்டுக்குக் கரண்ட் போனது.

கிரகம் முழுக்க அணைந்தது.
வாள் வெறும் குழாய் ஆனது.
குரல் "மண்டி" என்பதோடு நின்றது.
தகரத்து ஓட்டை வழியே
புகைபோக்கிகளின் சிவப்பு விளக்கு மட்டும்,
வேறு யாருக்கோ கரண்ட் காய்ச்சியபடி,
கண் சிமிட்டியது.

இருநூறு பேர். ஒரே வாசல்.
ஒரு குழந்தை வீறிட்டது. பெஞ்சு சாய்ந்தது.
ஞானசீலன் என் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு
"அஞ்சலாட்சி அக்கா, எங்க இருக்கீங்க" என்றான்.
பிடித்தவன் கை நடுங்கியது.

என் ஹெல்மெட்டுக்குள் ரெண்டு பேட்டரி.
கொட்டகையில் எரிந்தது என் கண்கள் மட்டும்தான்.
என் குரலில் சொன்னேன்:
"எவனும் எயுந்துக்காதே. உக்காரு.
கொயந்தைங்கள மடியிலே தூக்கி வெச்சுக்கோங்க.
ஏய் செவப்புச் சட்டை, அந்தப் பெஞ்ச நிமித்து."

உட்கார்ந்தார்கள்.
மூன்று வாரமாக மண்டியிடச் சொல்கிறேன்,
ஒருத்தர் முட்டி மடங்கியதில்லை.
"யம்மா, சனி ராஜா பொம்பளம்மா" என்றது ஒரு பிஞ்சுக் குரல்.
யாரோ சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்பு வழியே பயம் கொஞ்சம் வடிந்தது.

பதினோரு நிமிஷம்.

கரண்ட் வந்ததும் குரலும் வந்தது:
"யிடுங்கள் பூமிப் புழுக்களே!"
கொட்டகை தகரம் அதிரச் சிரித்தது.
ஞானசீலன் சிரிக்கவில்லை.
ஐந்தாவது வெட்டு தோள் எலும்பில் இறங்கியது.
ஆறாவதும் அங்கேயே.
ஏழாவதை உள்ளங்கையில் பிடித்தேன்.
சுட்டது. விடவில்லை.

ஸ்பீக்கரில் என் மரண ஓலம்
அளந்து வைத்த நீளத்துக்கு ஓடி முடிந்தது.
வெற்றி இசை வந்தது,
அதுவும் முடிந்தது.
குழாயின் ஆளுக்கொரு முனையில்
நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

கிட்டத்தில் அவன் கண்களைப் பார்த்தேன்.
முன்வரிசைப் பிள்ளைகளின் கண்கள்.
எனக்கு இந்த முறை பிடிக்கவில்லை.
கையை விட்டேன்.

முதலாளி நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்.
நோட்டில் காரணம் எழுதும் இடத்தில்
கொஞ்சம் யோசித்து
'சாகவில்லை' என்று எழுதினார்.