நடக்காததற்கு ரசீது

கேள்வி எண் பதினான்கு:
ஒரு யூரோ போட்டால்
எத்தனை யூரோ திரும்பும்?

பணம் தருகிறவர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள்.
எட்டு நாடுகளில் இதைக் கேட்டாயிற்றாம்.
ஒன்பதாவதாக அனுப்பர்பாளையம்,
பழைய நிட்டிங் ஷெட்டு,
நாற்பதடிக்குப் பதினெட்டு,
ஷட்டரில் இன்னும் அழியாத
'இங்கு பின்னித் தரப்படும்'.

செலவுக் கட்டம் சுலபம்.
வாடகை ஆறாயிரத்து ஐநூறு.
கரண்ட். கேரம் பவுடர். ஞாயிற்றுக்கிழமைச் சுண்டல்.
என் சம்பளம்.
அதை எழுதும்போது மட்டும்
கை கொஞ்சம் கூசுகிறது.

வரவில் சஸ்மிதாவை எழுதலாம்.
பலாங்கீரில் இருந்து வந்தவள், செக்கிங்கில் நிற்பவள்.
ஒரு புதன்கிழமை ராத்திரி
சம்பளச் சீட்டைக் கேரம் போர்டின் மேல் விரித்து
"இந்தப் பி.எஃப். யாருக்குப் போகுது?" என்றாள்,
மூன்று பாஷையைக் கலந்து.
எனக்கும் தெரியவில்லை.
எட்டுப் பேர் உட்கார்ந்து தேடினோம்,
பதினொரு பேர் போய்க் கேட்டார்கள்.
நாற்பத்து மூவாயிரத்து இருநூற்று அறுபது ரூபாய்
கணக்கில் ஏறியது.
இதை யூரோ ஆக்கலாம்.
ஆக்கினேன்.

காந்தி நகர் கம்பெனிக்காரர் ஒருவர்
போன மாதம் வழிமறித்துச் சொன்னார்:
"உங்ககிட்ட வர்ற பசங்க
திங்கக்கெழம லீவு போடறதில்லீங்.
அதையும் எழுதிக்குங்க."
எழுதினேன். அழித்தேன்.
மறுபடி எழுதினேன்.
வாடகை கட்ட வேண்டுமே.

அதற்கு மேல் பேனா நகரவில்லை.

பூபேஷ் டையிங்கை விட்டு நின்றவன்.
பத்துப் பேர் பார்க்க
மேஸ்திரி அறைந்ததாகச் சொன்னார்கள்.
அவன் சொல்லவில்லை.
பதினெட்டு நாள் வந்தான், சுவரோரம் உட்கார்ந்தான்,
ஸ்ட்ரைக்கரைத் தொடவில்லை.
பத்தொன்பதாம் நாள்,
"சாவிய நான் வெச்சுக்கட்டுங்ளாக்கா?"

மாசக்கணக்காகி,
ஷட்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னான்,
ஊத்துக்குளிப் பக்கம் தண்டவாளம் வரைக்கும்
மூன்று தடவை போனதை.
"கடைசித் தடவ சாவி பாக்கெட்ல இருந்துதுங்.
நாளைக்குத் தொறக்க ஆளில்லையேன்னு
திரும்பிட்டனுங்."

அந்த ரயில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.
எந்த ஸ்டேஷனிலும் எதுவும் பதிவாகவில்லை.
நடக்காத ஒன்றுக்கு
யாரிடம் ரசீது வாங்குவது?

மார்கழியில் ஓர் ஆர்டர் ஓடியது.
சாம்பல் நிற ஹூடி, இரண்டாயிரத்து நானூறு பீஸ்,
நெஞ்சில் யாருக்கும் படிக்க வராத எழுத்து.
லோகப்ரியா ஓவர்லாக் மறைவில்
படம் பிடித்து வந்தாள்.
பின்லாந்து பாஷை என்றது போன்.
'இளைஞர் வேலை' என்று பெயர்த்தது.

ஷெட்டே சிரித்தது.
"அதத்தானுங்க்கா நாங்க
பன்னெண்டு மணி நேரம் பார்க்கறோம்!"

இல்லை, என்றேன்.
அங்கேயும் இப்படி ஓர் இடம் இருக்கும்.
வெளியே பனி.
உள்ளே ஒரு மேசை, விளையாட ஏதோ ஒன்று,
வீட்டுக்குப் போகப் பிடிக்காத ஒருவன்,
ஏன் என்று கேட்காத ஒருத்தி.
அவளுக்கும் இதே படிவம் வந்திருக்கும்.

லோகப்ரியா வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.
"ரெண்டாவது லாட்டுல கைமடிப்புத் தையல்
கொஞ்சம் இழுத்துருச்சுங்க்கா.
அந்தப் பையன் போட்டா உறுத்தும்."

மணி பத்தரை.
ஒன்றரை ஷிப்ட் விட்டு
வாசலில் செருப்புகள் சேர்கின்றன,
ஒன்றன் மேல் ஒன்று, நீலச் சாயம் பிடித்தவையும்.

கேள்வி பதினான்கில் வந்து நின்ற எண்
சின்னது. ஆனால் தப்பில்லை.
'குறிப்புகள்' என்ற இடத்தில் மட்டும்
'சாவி பூபேஷிடம் இருக்கிறது' என்று எழுதி
அனுப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை பதில் வந்தது:
படிவம் கிடைத்தது, நன்றி.
குறிப்பைத் தெளிவுபடுத்தவும்.